சாமியைத் தூங்கி எழுந்தபின் வரச் சொன்னவன்

சிடாம் கிரி தோட்டம்

அன்பு மகள் ஷாமளாவுக்கு அம்மா எழுதுவது. முனியாண்டி துணையில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே பெர்த் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் தம்பி பக்கத்திலேயே நிற்கிறான், அவன் எதிரில் சில விஷயம் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்துக் கோயிலில் கொடி ஏற்றியாகிவிட்டது. போன திருவிழாவில் தம்பி சசிதரன் தூங்காமல், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு திரிந்தானே, அருள் வந்துவிட்டது என்று ஊரே எலுமிச்சம்பழத்தோடு குறி கேட்க நம் வாசலில் நின்றது. உங்கப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லாருக்கும் நாற்காலி போட்டார். நீ ஒருத்திதான் வீடியோவில் அவன் முகத்தைப் பார்த்து, இது சாமி இல்லம்மா, உடனே கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று அழுதாய். டாக்டர் இது பைபோலார், மனசு ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆரம்பத்திலேயே கூட்டி வந்தது நல்லது, மருந்தும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் வேலைக்குப் போகலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னபடியே இன்று சுங்கை பட்டாணி டவுன் ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறான்.

போன வாரம் பூசாரி பழனியாண்டி வந்து, இந்த வருஷமும் தம்பிதான் ஆடணும்லா, ஜனங்க கேக்குறாங்க என்றார்.  இவன் சிரித்துக்கொண்டே, சாமிய நான் தூங்கி எழுந்தப்புறம் வரச் சொல்லுங்க மாமா என்றான். பூசாரிக்கு டீ தொண்டையில் சிக்கியது. உங்கப்பாதான் முதலில் சிரித்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. கோயிலில் ராத்திரி உறுமி மேளம் பழகத் தொடங்கியதும் அவனுக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அவனே அடுப்படிக்கு வந்து, ம்மா, தலைக்குள்ள என்னமோ வேகமா ஓடுது, போன வருஷம் மாதிரியே இருக்கு, கிளினிக் போலாம்லா என்றான். அன்றே போனோம், மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது கோயிலில் உறுமி அடிக்கிறார்கள், இவன் அதையும் மிஞ்சிக் குறட்டை விடுகிறான். அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கண் நிறைந்து எழுத்துக் கோணுகிறது. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீதான், கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் தம்பி முகத்தைப் பார், அப்புறம் என்னிடம் பேசலாம். மறக்காதே, முதலில் தன் முகத்தைப் பார்க்கும்படி எழுதச் சொன்னதே அவன்தான்.

என்றும் உன் அம்மா,
பிரேமாவதி