ஒத்திகை நோயாளி

பிப்ரவரி 3

இந்தப் பக்கங்களில் வரப்போவது:
1. மகளின் ஆராய்ச்சிப் பயிற்சி.
2. அதில் ஒத்திகை நோயாளியாக நான்.
3. நான் குறுக்கே பேசாமல் இருப்பதே அவளுக்குச் செய்யக்கூடிய உதவி.

நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டே ஓய்வு பெற்றவன். எண் போடாமல் எதையும் தொடங்க வராது. எழுதியதில் மூன்றாவதைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை.

மகள் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வார்டு, வகுப்பு, மறுபடி வார்டு என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு இந்த வருடம்தான் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒழுங்காக ஆராய்ச்சி செய்வது எப்படி என்று இளம் மருத்துவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். அதற்காக வாரத்தில் இரண்டு நாள் வார்டிலிருந்து விடுவிப்பார்கள். பலமுறை விண்ணப்பித்து வாங்கிய இடம். போனால் மறுபடி கேட்க வயது தாண்டிவிடும்.

பிப்ரவரி 7

முதல் ஒத்திகை. சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

அவள் எடுத்திருக்கும் ஆராய்ச்சி: முதியவர்களின் கை நடுக்கத்துக்கு ஒரு புதிய மாத்திரை. பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற மருத்துவருக்கே தெரியாது. இதையெல்லாம் விளக்கி, சம்மதித்தால் கையெழுத்து வாங்க வேண்டும். விளக்குவதில்தான் பரீட்சை.

அழகாகப் பேசினாள். நடுவில் ஓரிடத்தில் எனக்கு வழி தவறிவிட்டது. கேட்டால் அவள் ஓட்டம் கெடுமே என்று தலையாட்டினேன்.

"புரிஞ்சுதாப்பா?"

"நல்லா புரிஞ்சுதும்மா."

கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. என் கையும் நடுங்கும் கைதான்.

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "இந்த மனுஷன்கிட்ட நயமா கேட்டா வீட்டையே எழுதி வாங்கிடலாம்."

பிப்ரவரி 15

மறுபடி ஒத்திகை. மறுபடி தலையாட்டினேன். அவளுக்குத் திருப்தி.

பிப்ரவரி 21

இன்று நிஜ நோயாளிகள். பயிற்சியை நடத்தும் பேராசிரியை பின்னால் உட்கார்ந்து கவனித்தாராம். நான்கு பேரிடம் பேசினாள். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பேசி முடித்ததும் பேராசிரியை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டிருக்கிறார்: "டாக்டர் என்ன சொன்னாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க." கை சரியாகிவிடும் என்று சொன்னார்கள் என்றாராம் ஒருவர். வெறும் மாத்திரையைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் விலகலாமா என்று கேட்டதற்கு, "டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்களே" என்றாராம் இன்னொருவர். கடைசியாக ஒரு பாட்டியம்மா: "அந்தப் பொண்ணு தொண்டை வறளப் பேசுச்சு. வேணாம்னு சொன்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

நான்கு கையெழுத்தும் செல்லாது. மார்ச் கடைசியில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் இப்படி என்றால் பயிற்சியை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

"எல்லாரும் உங்களை மாதிரியே தலையாட்டினாங்கப்பா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

பிப்ரவரி 22

எனக்காவது புரிந்திருந்ததா? தனியாக உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெறும் மாத்திரையில் வந்து நின்றுவிட்டேன். எதற்காக அது? தெரியாது. தெரியாமலே இரண்டு தடவை கையெழுத்து. என்ன மனுஷன்டா நீ.

பிப்ரவரி 27

"நான் உக்கார்றேன் நோயாளியா," என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வணக்கம்மா, நான் வந்து—"

"முடியாது."

"இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"சொல்லு. சொன்னாலும் முடியாது."

மகள் இந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் ஒத்திகைக்கு உதவவில்லை. காது கொடுத்துக் கேட்டபிறகு மறுக்கிற ஆள் வேண்டும். இந்த வீட்டில் ஒருத்தி கேட்கமாட்டாள், ஒருவன் மறுக்கமாட்டான்.

அவள் போனபின் மனைவி கேட்டாள்: "எவ்வளவோ வியாதி இருக்க, அவ ஏன் கை நடுக்கத்தைப் பிடிச்சுக்கிட்டான்னு நினைக்கிறீங்க?"

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மெல்லக் கீழே வைத்தேன். இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 4

இன்னொரு தடவை உட்காரட்டுமா என்று நானே கேட்டேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'முடியாது' சொல்லிப் பழகியிருந்தேன்.

"சேர்றீங்களாப்பா?"

"முடியாது," என்றேன். வாய் அத்தோடு நிற்கவில்லை. "மன்னிச்சுக்கோம்மா... சரி, பரவாயில்லை, சேர்ந்துக்கறேன்."

அவள் மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எழுந்தேன். சிரிப்பு.

மார்ச் 11

இன்று தலையாட்டவில்லை. வழி தவறிய இடத்திலேயே நிறுத்தினேன்.

"எதுக்கும்மா வெறும் மாத்திரை? எல்லாருக்கும் மருந்தையே குடுத்தா என்ன?"

"டாக்டர் மாத்திரை குடுத்துட்டாங்கன்னாலே சில பேருக்குக் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும்பா. குறைஞ்சது மருந்தாலயா, நம்பிக்கையாலயான்னு பிரிச்சுப் பாக்கணும்ல."

இவ்வளவுதானா? இதைக் கேட்கவா இத்தனை நாள்?

"சரி. எனக்கு அந்த வெறும் மாத்திரைதான் கிடைச்சு, கை இன்னும் மோசமாயிடுச்சுன்னு வை. நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு சும்மா இருப்பியா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கேட்டது நோயாளியா, அப்பாவா? எனக்கே தெரியவில்லை.

"இருக்க மாட்டேன்," என்றாள் கடைசியில். "மோசமானா நிறுத்திட்டு வழக்கமான வைத்தியத்தை ஆரம்பிச்சுடுவோம். நீங்களாவே எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். படிவத்துல நாலாம் பக்கம் இருக்கேப்பா."

"நீ வாயால சொல்லவே இல்லையேம்மா."

அவள் படிவத்தைப் பார்த்தபடியே இருந்தாள். "அதுக்குள்ள எல்லாரும் தலையாட்டிடறாங்க. நானும் பேனாவை நீட்டிடறேன்."

"அப்ப இன்னிக்கு நான் சேரலை. யோசிச்சுச் சொல்றேன்."

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 12

அவள் இன்று அதிகம் பேசவில்லை. வருத்தமா, யோசனையா? கேட்டிருக்கலாம்.

மார்ச் 18

யோசனைதான். பேச்சைத் துண்டு துண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கொஞ்சம் சொல்கிறாள், நிறுத்துகிறாள். "இதுவரைக்கும் நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க," என்கிறாள். பிறகு சும்மா இருக்கிறாள். அதுதான் அவளுக்குப் பெரிய பாடு. நான் தடுமாறும்போது உதடு துடிக்கிறது, எடுத்துக் கொடுக்க. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"வாயை மூடுன்னு டீச்சருங்க கெஞ்சின பொண்ணு," என்றாள் மனைவி. "இப்பத்தான் பலிச்சிருக்கு."

மார்ச் 29

நாளை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சை யாருக்கு?

மார்ச் 30

செருப்போடு அடுப்படி வரை வந்துவிட்டாள்.

"அஞ்சு பேர்ப்பா. அதுல ரெண்டு பேர் முடியாதுன்னுட்டாங்க."

முகமெல்லாம் சிரிப்பு. மனைவி கரண்டியும் கையுமாகத் திரும்பினாள். "சேரமாட்டேன்னு சொன்னதுக்குப் பல்லைக் காட்டற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன்."

மறுத்தவர்கள் உட்பட ஐந்து பேரும், கேட்டதைத் தங்கள் வார்த்தையில் பேராசிரியையிடம் திருப்பிச் சொன்னார்களாம். ஒருவர், கை எப்படியும் ஆடிவிட்டுப் போகட்டும், வெறும் மாத்திரைக்காக இவ்வளவு தூரம் அலைய முடியாது என்றாராம். பேராசிரியை அவருக்கு நன்றி சொல்லி, வாசல்வரை கொண்டுபோய் விட்டாராம். பிறகு மகளிடம் ஒரே வாக்கியம்: "அடுத்த வாரத்துலேர்ந்து ஆள் சேர்க்க ஆரம்பிக்கலாம்."

சாப்பிட்டபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கையை என் சீனியர் ஒருத்தர் பாக்கட்டுமாப்பா? என் ஆராய்ச்சிக்கு இல்லை, அதுல உங்களைச் சேர்க்கவும் முடியாது. வைத்தியத்துக்கு."

சரிம்மா என்று சொல்லத் தலை பாதிவரை ஆடிவிட்டது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பயமா இருக்கும்மா," என்றேன்.

இந்த வார்த்தையை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"எதுக்குப் பயம்?"

கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சொன்னேன். தட்டுத் தடுமாறி, முன்னுக்குப் பின்னாக, எண் போடாமல். எடுத்துக் கொடுக்காமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, நான் சொன்னதை அவள் வார்த்தையில் எனக்குச் சொன்னாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

சந்தேகமே இல்லை என்று முதல் நாள் எழுதினேனே, மூன்றாவது: குறுக்கே பேசாமல் இருப்பதே உதவி என்று. அது தவறு.