ரஞ்சியின் பின்னலில் செய்த புரோச்

அன்பு மச்சாள் ரஞ்சிக்கு,

உயிரோடு இருந்தபோது வெட்டிய கூந்தல் செத்தவரின் கூந்தலாகுமா? நாளைக்கு உன் ஆண்டுத் திவசம். ஒரு கிழமையாக யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை.

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு நீ ஒருமுறை வந்தாய். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் இறந்தவர்களின் தலைமயிரைப் பின்னிச் செய்த நகைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "உவையளுக்குப் பவுன் கிடைக்கேல்லையோ?" என்று உரத்துக் கேட்டாய். மயிர் லேசில் உக்காது, அதனால்தான் என்றேன். கடைக்காரன் வேறு யாருடைய மயிரையாவது மாற்றி வைத்துவிடுவான் என்ற பயத்தில் பல பெண்கள் வீட்டிலேயே பின்னப் பழகினார்கள் என்றும் சொன்னேன். நீ சிரித்தாய்.

கீமோ தொடங்குமுன், உன் வெக்ஸ்போர்ட் வீட்டுக் குசினியில் நீயே பின்னலை வெட்டி என் கையில் தந்தாய். "என்ர பிள்ளைக்கு உந்த மாதிரி ஒண்டு செய்து குடு மச்சாள். கரப்பான்பூச்சி மாதிரி இருந்தா மட்டும் பேய் வந்து பிடிப்பன்."

செய்துவிட்டேன். சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் அவித்தால் எண்ணெய்ப் பசை போகும் என்கிறது அந்தக் காலத்துச் செய்முறை. உன் தலையை அறியாதவர்கள் எழுதியது. மூன்று தரம் அவித்தேன். வீடெல்லாம் நல்லெண்ணெய் மணம். யன்னலைத் திறக்க மனம் வரவில்லை. பிறகு, நடுவில் துளையுள்ள வட்டப் பலகையில் இழைகளைப் பரப்பி, நுனிகளில் சிறு ஈயக்குண்டுகள் கட்டி, ஒன்றை ஒன்று தாண்டவைத்துப் பின்னினேன். குண்டின் பாரம்தான் பின்னலை இறுக்குகிறது. பெருவிரல் அளவில் ஓர் இலை, பின்னால் ஊசி வைத்த புரோச். கரப்பான் மாதிரி இல்லை.

உன் மகள் அபி அதை நாளைக்குச் சாறியில் குத்த நிற்கிறாள். திவசம் மில்லிக்கனில், உன் அக்கா வசந்தியின் வீட்டில். நேற்று அவருக்குப் போனில் சொன்னோம்.

"செத்த ஆளின்ர மயிரை வீட்டுக்குள்ள கொண்டு வாறதோ? படிச்ச ஆள் செய்யிற வேலையே இது?"

"வெட்டேக்க அவ உயிரோட இருந்தவ, அக்கா."

"இப்ப இல்லைத்தானே."

"பெரியம்மா, இட்ஸ் ஸ்டில் அம்மா," என்றாள் அபி. அக்கா போனை வைத்துவிட்டார்.

சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா சொல்வது பிழை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன்: இது அபிக்குத்தான். அதற்காக உன் அக்காவை அவள் இழக்கவும் விடமாட்டேன். இரண்டும் ஒன்றாக நடக்குமா?

திவசம் முடிந்தது. இரவு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். அபி புரோச்சைக் குத்திக்கொண்டே காரை விட்டு இறங்கினாள். அக்கா வாசலிலேயே மறித்தார். "கழட்டிக் காருக்குள்ள வை." அபி அழவில்லை, கழற்றினாள். என் தம்பி, உன் கணவன், உனக்குப் படைத்தான். எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு பார்த்தால் அக்காவைக் காணவில்லை.

என் காரின் முன் சீற்றில் இருந்தார். உள்ளங்கையில் புரோச். பின்னலை நகத்தால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"இறுக்கித்தான் பின்னியிருக்கிறீர்," என்றார். "சின்னனில நான் உப்பிடிப் பின்னினா, ரஞ்சி பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு குளறுவாள்."

அபி பின்கதவைத் திறந்து ஏறினாள், நானும் ஏறினேன். புரோச் வீட்டுக்குள் போகவில்லை. உள்ளேயிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூவரும் இறங்கவில்லை.

உன் மச்சாள்,
அபியின் மாமி