தலைமைச் சமையலர் ஒருவர் தேவை

பிப்ரவரி 6

மாஸ்டருக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். போனில் பேச ஆரம்பித்தால் நம் பேச்சு எங்கே போய் முடியும் என்று நம் இருவருக்கும் தெரியும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்னதைப் பற்றி. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். அவளை இன்னும் சின்னது என்று கூப்பிட எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீங்கள் விட்டுப்போன சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் படிக்க உட்காருகிறாள். ஏன்டி என்று கேட்டால், "காத்தோட்டமா இருக்கும்மா" என்கிறாள். நான் மேற்கொண்டு கேட்பதில்லை.

விஷயம் இதுதான். அரசுப் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்கள். நான் விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் போன பிறகு கூலிக்குச் சமையல்காரர் வைத்துத்தான் நம் கல்யாணச் சமையல் தொழிலை ஓட்டுகிறேன். கல்யாண மாதங்களில் மூச்சு விட நேரமில்லை, மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறோம். காய் நறுக்கும் அக்காக்களிடம் "இந்த வாரம் வேலை இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசுகிறது.

நிபந்தனைப் புத்தகம் செங்கல் கனம் இருக்கிறது. கை கழுவ ஒரு தொட்டி, காய் கழுவ வேறு தொட்டி. ஜன்னலுக்கெல்லாம் வலை. வேர்க்கடலை வாசலைக்கூடத் தாண்டி உள்ளே வரக்கூடாது, சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். தினமும் சமைத்ததில் ஒரு கிண்ணம் எடுத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், யாருக்காவது வயிறு கெட்டால் சோதித்துப் பார்க்க. எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. சான்றிதழ் பெற்ற தலைமைச் சமையலர் ஒருவர், அடுப்பு எரிகிற நேரம் முழுக்க அடுப்படியிலேயே இருக்க வேண்டுமாம். சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது. வருகிறீர்களா?

இப்படிக்கு,
சின்னதின் அம்மா


பிப்ரவரி 17

சின்னதின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீன் பின்வாசலில், காலி எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து படித்தேன். இங்கே நலம்தான். கப்பல் கட்டும் ஆட்கள் பசியோடு வருவார்கள், தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். புகாரும் இல்லை, பாராட்டும் இல்லை. துறைமுகத்துக் காற்றுக்கு எல்லாமே பிசுபிசுக்கிறது, உப்புகூடக் கட்டி கட்டியாகிவிடுகிறது.

சின்னது என் சட்டையைப் போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

"சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது. வருகிறீர்களா?" இந்த இரண்டையும் ஒட்டி எழுதியிருக்கிறாய். இடையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்திருப்பேன். நான் கையளவில் போட்ட உப்பை வேலையாட்கள் முன்னால் நீ தராசில் வைத்துப் பார்த்த அன்றுதான் பெட்டியைக் கட்டினேன். இப்போது அரசாங்கமே உன் பக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

சான்றிதழின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரைப் போட்டுக்கொள். ஊர் உலகத்தில் இப்படித்தான் நடக்கிறது. சான்றிதழ் ஒருவருடையதாக இருக்கும், கரண்டியை இன்னொருவர் பிடிப்பார். யாரும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை.

இப்படிக்கு,
மாஸ்டர்


மார்ச் 1

மாஸ்டருக்கு,

நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சாப்பிட்ட ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்து, அதிகாரி வந்து "உங்க தலைமைச் சமையலர் எங்கம்மா" என்று கேட்டால், துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறார் என்றா சொல்வேன்? அடுப்படியில் ஒரு பொறுப்பான ஆள் நிற்க வேண்டும் என்றுதானே அந்த நிபந்தனையையே வைத்திருக்கிறார்கள். ஆளில்லாமல் பெயரை மட்டும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒட்டி எழுதியது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரத்தில் எழுதினேன். ஆனால் ஒட்டி எழுதாமல் இருந்தால் எழுதவே தைரியம் வந்திருக்காது.

வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். விண்ணப்பத்தை இப்போதே கொடுக்கலாம், சான்றிதழை அடுப்படி பார்க்க வரும் நாளில் காட்டினால் போதுமாம். அந்தச் சான்றிதழ் தரும் சமையல் படிப்பில் நானே சேர்ந்துவிட்டேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் நேற்று முளைத்தவர்கள். "ஆன்ட்டி, நீங்க டீச்சரா?" என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று கணக்குதான் பார்த்தேனே தவிரக் கரண்டியைத் தொட்டதில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. வெங்காயம் நறுக்கி விரலிலும் வெட்டிக்கொண்டேன். சின்னதுதான் கட்டுப் போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
சின்னதின் அம்மா


மார்ச் 14

சின்னதின் அம்மாவுக்கு,

நறுக்கும்போது விரல் நுனியை உள்பக்கமாக மடக்கிக்கொள். கத்தி விரல் முட்டியில் உரசித்தான் இறங்க வேண்டும். இதைக்கூடச் சொல்லிக் கொடுக்காமல் அந்த வகுப்பில் என்ன கிழிக்கிறார்கள்?

உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் சப்பென்று ஆகிவிடும். இறக்கின பிறகு எலுமிச்சை பிழி, குறைந்த உப்பு நாக்குக்குத் தெரியாது. பிள்ளைகள் கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைப்பார்கள். துருவி, பருப்பு வேகும்போதே அதோடு சேர்த்துவிட்டால் தேடினாலும் கிடைக்காது. சோற்றைச் சுடச்சுட டப்பாவில் அமுக்கி அடைக்காதே, போய்ச் சேர்வதற்குள் களி ஆகிவிடும்.

நகல் வந்து சேர்ந்தது. நீ செய்ததுதான் சரி. நேரில் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வேறு சந்தேகம் இருந்தால் எழுது. சந்தேகம் இல்லாவிட்டாலும் எழுது.

மாஸ்டர்


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

பாஸ். சொன்னால் நம்ப மாட்டீர்கள், செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். கத்தி பிடிக்க யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டார்கள். தபால் வழியாகக் கற்றுக்கொண்டேன் என்றேன்.

போன வாரம் அதிகாரி அம்மா வந்தார். நல்ல மனுஷி, ஆனால் கண் என்றால் கண். அடுப்படியை எல்லாம் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராக வண்டியின் கதவைத் திறந்தார். உள்ளே நம் டிரைவரின் தலையணை.

"இது என்ன?"

"தலகாணிங்க. சாப்பாடு ஏத்துற வரைக்கும் கொஞ்சம் சாய்வேன்."

"சாப்பாட்டு வண்டியில சாப்பாடு மட்டும்தான் சாயலாம்."

டிரைவர் அந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடியே வீட்டுக்குப் போனார். மறுநாள் வண்டியை மறுபடி காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம்.

கடைசிக் கட்டம் பிள்ளைகளின் ருசி. அவர்கள் வேண்டாம் என்றால் மற்றதெல்லாம் இருந்தும் ஒப்பந்தம் கிடையாது. லீவாக இருந்தாலும் பிள்ளைகளை வரவழைத்து, பள்ளிக்கூட ஹாலில் வரிசையாக உட்கார வைத்துச் சோறும் பருப்பும் பரிமாறினோம். நான் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றேன். முன்பல் விழுந்த ஒரு பிள்ளையிடம் அதிகாரி அம்மா, "எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல இருக்கற மாதிரி இல்ல."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

கேரட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒப்பந்தம் நமக்குத்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் தொடங்க வேண்டும். அக்காக்களிடம் இனி வருஷம் முழுக்க வேலை என்று சொன்னேன். மூத்தவர் போய்ச் சுத்தமாக இருந்த பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினார்.

இனி உங்கள் சான்றிதழ் எனக்குத் தேவை இல்லை. தலைமைச் சமையலர் இடத்தில் என் பெயர் இருக்கிறது. உங்களை வைத்து நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை எதுவும் இந்த வீட்டில் பாக்கி இல்லை. அதனால்தான் இப்போது கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது.

வாருங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி


ஜூன் 20

தலைமைச் சமையலர் அவர்களுக்கு,

உங்கள் அடுப்படியில் உதவிச் சமையலர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். முன் அனுபவம் உண்டு. முன்கோபமும் உண்டு, முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே கேன்டீன் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அங்க என்ன பெரிய ஹோட்டலா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடம், சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்கா இல்லையா என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கப்பல்காரர்களில் ஒருவர் மட்டும் வந்து, "நீங்க போயிட்டா அந்தப் பருப்பு?" என்று கேட்டார். இதை ஆறு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கிளம்ப மனசு வந்திருக்குமோ என்னவோ.

உன் அடுப்படியில் கால் வைக்க டாக்டர் சான்று வேண்டுமாமே, சின்னது போனில் சொன்னாள். நேற்று போனேன். நகத்தைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், இருமச் சொன்னார். "யார்கிட்ட வேலைக்குப் போறீங்க?" என்றார். "என் வீட்டுக்காரிகிட்ட" என்றேன். "அப்ப இன்னொரு தடவை நல்லாப் பாத்துடறேன்" என்று மறுபடியும் நெஞ்சில் வைத்தார். கோளாறு ஒன்றும் இல்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். சின்னது ஸ்டேஷனுக்கு வரட்டும், பெட்டி கனம். நீ வராதே. அது அடுப்பு எரிகிற நேரம். நீ அங்கேதான் இருக்க வேண்டும்.

உன்,
வீட்டுக்காரன்