ஜெசி, அந்தப் படத்தைத் தெரிவு செய்தது நான்தான்

என் உயிர் ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கல்லறையில் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் உனக்குக் கேட்குமா? தெரியாது. ஆனால் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்லு?

முதலில் இங்கத்தைய செய்தி. உங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் சரிந்து வந்த சிவப்பு மண்மேட்டின் மேல் புல் முளைத்துவிட்டது. தப்பினவர்கள், மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரைத் தகரத்தால் தடுத்துக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னாலும் ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே போகலாம் என்று கேட்டோம். எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அதே மலையில்தான் கொழுந்து எடுக்கிறோம்.

நம் அன்பியக் கூட்டத்தை இப்போது நான் தனியாக நடத்துகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வேத வாசகம், ஒரு குறும்படம், பிறகு அதைப் பற்றிய பேச்சு என்று நாம் இரண்டு பேரும் ஆரம்பித்தோமே, அதேதான். எந்தப் படம் என்று தெரிவு செய்வதுதான் எனக்குப் பெரும்பாடு. நீ இருந்தபோது கொட்டகலை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு எத்தனை படம் பார்த்திருப்போம்! பாதியிலேயே நிறுத்திவிடுவாய். "ஏன்டி, இதுல நாம பேச என்ன இருக்கு? எல்லாத்தையும் அவங்களே சொல்லிட்டாங்களே" என்பாய். இல்லாவிட்டால், "இது வேணாம். மேரியக்கா மகன் குடிக்கிறான், அக்கா இதப் பாத்தா உடைஞ்சிடும்" என்பாய். நான் படத்தைப் பார்ப்பேன். நீ அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்களைப் பார்ப்பாய்.

இந்தத் தவக்காலத்துக்கு ஃபாதர் இரண்டு படங்களை அனுப்பி, எதைப் போடுவது என்று என்னையே முடிவு பண்ணச் சொன்னார். ஒன்று, பேச்சே இல்லாத படம். சண்டை போட்ட அண்ணன் தம்பி ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். கதவு திறக்குமுன் படம் முடிந்துவிடுகிறது. மற்றது ஒரு மீனவக் குடும்பத்தின் கதை. புயல் வருகிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். அந்தக் குடும்பம் மட்டும் முழங்காலில் இருந்து செபிக்கிறது. கடைசியில் அலை அவர்கள் வீட்டைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கிப் போகிறது.

அந்த அலை ஒதுங்குவதைப் பார்த்து அழுதேன், ஜெசி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். மண் அப்படி ஒதுங்கிப் போயிருக்கக் கூடாதா என்று. கூட்டத்துக்காக அல்ல, எனக்காகத்தான் அதை எடுத்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் சொல்லித்தான் பார்த்தார். "செல்வராணி, இது வேணாமே. இந்த வாரம் அந்தோனி வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"நம்பிக்கை குடுக்கிற படம்தானே டீச்சர்" என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் அந்தோனி அண்ணன் வந்தார். உன் அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கோவில் பக்கம் வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். சன்னல்களுக்குக் கம்பளி மாட்டி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படத்தைப் போட்டேன். முடிந்ததும் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டேன்: "அந்தக் குடும்பத்தக் காப்பாத்தினது எது?"

"செபம்" என்றாள் முன்னால் இருந்த ஒருத்தி. இரண்டு மூன்று பேர் ஆமென் சொன்னார்கள்.

அந்தோனி அண்ணன் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"ஜெசியும் செபமாலதான் சொல்லிக்கிட்டு இருந்தா. தோண்டி எடுத்தப்பவும் கையிலதான் சுத்தியிருந்திச்சு. நான் செபம் பண்ணல. வெளிய நின்னு, மழத்தண்ணி போகக் கான் வெட்டிக்கிட்டு இருந்தேன். நான் உசிரோட நிக்கிறேன். அப்போ அவ செபத்துல என்னங்க கொற?"

மழைச் சத்தம் கூட அன்றைக்கு இல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டு ஆரம்பித்தேன். கைதட்டிப் பாடுகிற பாட்டு. மற்றவர்களும் விட்டால் போதும் என்று சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் வரி முடியுமுன் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் நிறுத்தவில்லை. பாட்டை முழுசாகப் பாடி முடித்தேன்.

மறுநாள் வேலை விட்டதும் அவர் தங்கியிருந்த ஸ்டோருக்குப் போனேன். அவர் சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் கட்டட வேலையாம். உன் மகள் நிரோஷாவைக் கினிகத்தேனையில் அத்தை வீட்டில் விட்டாகிவிட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே. அந்தப் படத்தத் தெரிவு செஞ்சது நான்தான்."

"படம் என்ன செய்யும் தங்கச்சி?" என்றார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "பாடாம இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாள் போய்விட்டார். போன் போட்டால் எடுப்பதில்லை. நிரோஷாவைப் போய்ப் பார்த்தேன். "நல்லா இருக்கேன் ஆன்ட்டி" என்றாள், கடையில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல. உன்னைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன ஞாயிறு கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். படம் போடவில்லை. ஃபாதர் ஆறுதல் சொன்னார், காலம் ஆற்றும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செபிக்க உட்கார்ந்தால், மண் வந்த நேரத்தில் நீ செபமாலையின் எத்தனையாவது மணியில் இருந்தாய் என்றுதான் மனசு கேட்கிறது. அருள் நிறைந்த மரியே என்றாயா, இறைவனின் தாயே என்றாயா? பாதியில் நின்ற அந்த வார்த்தை யாருக்காவது கேட்டிருக்குமா?

விசுவாசம் இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்தைக் கைவிடவும் தைரியம் இல்லை. அந்த ஆறு பேருக்கும் ஞாயிறு போக வேறு இடம் கிடையாது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், ஜெசி. இனி அந்தக் கூட்டத்தில் யார் எழுந்து ஏன் என்று கேட்டாலும், எனக்குத் தெரியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவர்களாக எழுந்து போகும்வரை வாய் திறக்க மாட்டேன்.

உன்னோடு ஒரே நாளில் புதுநன்மை வாங்கிய,
கூடப் பிறக்காத உன் சகோதரி
செல்வராணி