ஐந்து நாள் தாகம்

அன்பு மகள் சுக்யோங்குக்கு அம்மா எழுதுவது. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பூசானில் நானும் நலம்தான், படியேறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. மொட்டைமாடியில் மிளகாய்ச் செடிகளும் நலம், எல்லாம் இல்லை, பதினாலு.

போன மாதம் நாலாம் மாடியில் இருக்கும் பெக் படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார் என்று சொன்னேன் அல்லவா, அறுவடைப் பண்டிகைக்குள் நான் மண் நிரப்பிச் செடி வளர்க்கும் இருபத்திரண்டு மீன்பெட்டிகளையும் எடுத்துவிட வேண்டும், நான் ஊற்றுகிற தண்ணீர்தான் அவர் வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று. குடிவந்து மூன்று வருஷமாகியும் அக்கம்பக்கத்துக்கு ஒரு துண்டு அரிசிக் கேக் கொடுக்காத மனிதர், குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆனதும் நோட்டீஸ் ஒட்ட மட்டும் பசை கிடைத்துவிட்டது. அதைவிட நீ போனில், "அவர் சொல்றதும் நியாயம்தானேம்மா, மிளகாய் கடையில கிடைக்காதா" என்றாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மீன் சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து வந்து, நாலு மாடி மண் ஏற்றியவள் நான். வருஷா வருஷம் உன் கிம்ச்சிக்கு வரும் மிளகாய்ப்பொடி எந்தக் கடையில் விற்கிறது?

நேராக அவர் கதவைத் தட்டினேன். "தலைவரே, அஞ்சு நாள் ஒரு சொட்டு ஊத்தமாட்டேன். ஒழுகுறது நின்னா பெட்டியெல்லாம் நானே கீழே இறக்கிடறேன். நிக்கலன்னா அந்த நோட்டீசை நீங்களே கிழிக்கணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரிங்கம்மா, பாப்போம்" என்றார். ஆகஸ்ட் வெயில், மழையும் இல்லை. இரண்டாம் நாளே வெள்ளரி சுருண்டது. மூன்றாம் நாள் எள்ளிலைச் செடி போயிற்று. நாலாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல் கெண்டியோடு மேலே போனேன். யாரும் இல்லை. ஊற்றியிருக்கலாம். ஊற்றினால், ஒழுகியது என் தண்ணீரா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நிரம்பிய கெண்டியோடு இறங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

ஐந்தாம் நாளும் அவர் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆள் வந்து பார்த்ததில், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் குழாய் விரிசல். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? சங்கத் தலைவர். மறுநாள் ஒரு தட்டு நிறையச் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக்கோடு என் வாசலில் நின்றார். "குடிவந்தப்பவே குடுத்திருக்கணும்மா" என்றார். வாங்கிக்கொண்டேன், சிரிக்கவில்லை. நோட்டீசைக் கிழித்துவிட்டார். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதே, பிழைத்த செடியிலிருந்து பத்து மிளகாய் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் காணாத மிளகாய்க்குக் காரம் ஏறும் என்று தலைவருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவர் விக்கல் இரண்டாம் மாடியில் என் வீடுவரை கேட்டது.

இத்தோடு ஒரு கிலோ பொடி அனுப்புகிறேன். எப்போதும் அனுப்புவதில் பாதிதான், செத்தது போக மிஞ்சியது. அடுத்த வசந்தத்தில் இருபத்திரண்டு பெட்டியிலும் நடுவேன், முழங்கால் என்ன சொன்னாலும். நீங்கள் இருவரும் நிறைந்த சோற்றுக் கிண்ணத்தோடு நீண்ட நாள் வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில், "நான் சொன்னது தப்பும்மா" என்று சொல், அப்புறம் என் முழங்காலை விசாரி. பொடியை மட்டும் எப்போதும் போடுவதில் பாதி போடு. அந்த ஐந்து நாளும் அதில் இருக்கிறது.

உன் அம்மா,
சோ மல்சுன்