லேடி கேப்டன்

ஞாயிறு இரவு, நவம்பர் 1996

இன்று தி. நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் இன்ஜினியர். நான் சின்ன வயதிலிருந்து விடாமல் பார்க்கும் விண்வெளிக் கப்பல் தொடரை அவனும் பார்ப்பான் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. "இப்ப வர்ற புது சீரிஸ்ல அந்த லேடி கேப்டன் பிரமாதம், இல்ல?" என்று கேட்டேன்.

"அவ வந்ததும் பாக்கறதையே விட்டுட்டேன். பொம்பளை ஓட்டினா கப்பல் வழி தெரியாமத்தான் அலையும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வாராவாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அப்பா. போன வாரம், தன் ஆட்களை விட்டுவிட்டுத் தப்பிக்க அந்தக் கேப்டன் மறுத்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டவர்.

அவர்கள் கிளம்பியதும் இவன் வேண்டாம் என்றேன்.

"டிவில வர்ற ஒரு கதைக்காகவா நல்ல இடத்தை வேண்டாங்கற?" என்றார் அப்பா.

"அவன் சிரிச்சான், சரி. நீங்க ஏம்பா சிரிச்சீங்க?"

"பையன் வீட்டுக்காரங்க முன்னாடி வேற என்னம்மா பண்றது?"

நாளைக்கு நான் வாழப்போகிற வீட்டில் என்னைக் கேலி செய்தாலும், அப்பா இப்படித்தான் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார்.