பச்சைச் சுடிதார்

விளாங்குடி,
செவ்வாய்க்கிழமை

தம்பியின் அப்பாவுக்கு,

தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாம் தத்தெடுத்து வளர்த்த மதிவதனி பதினாறு வயதில் காணாமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பழைய வழக்கை மறுபடி விசாரிக்க அந்தப் பெண் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்த மறுநாளே, வேலை என்று கோயம்புத்தூர் கிளம்பினீர்கள். அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை.

போன வாரம் அவர் என்னைத் தல்லாகுளம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, அவள் காணாமல் போன அன்று நீங்கள் எழுதிக்கொடுத்த புகாரைக் காட்டினார். 'பச்சைச் சுடிதார் அணிந்திருந்தாள்' என்று இருந்தது. அந்தச் சுடிதாரை அன்று மதியம்தான் தையல்காரரிடம் வாங்கி வந்தேன். நீங்களோ விடியற்காலையில் வெளியூர் போய், அவள் காணாமல் போனபின் திரும்பியதாகச் சொன்னீர்கள். அவளைக் காணோம் என்றதும் நான் மயங்கிக் கிடந்தேன். புதுச் சுடிதாரைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எங்கே அவளைப் பார்த்தீர்கள்?

டி. கல்லுப்பட்டியில் உங்கள் தங்கையிடம் போய்க் கேட்டேன். அழுதுவிட்டாள்.

"அண்ணந்தான் இங்க கூட்டியாந்துச்சு மதினி. 'ஒங்கம்மா வயித்துல சொந்தப் பிள்ளை தங்கிருச்சு, இனி நீ வேணாம்னு சொல்லிட்டா'ன்னு அவகிட்டச் சொல்லி, திருப்பூர் மில்லுல விட்டுருச்சு" என்றாள்.

நான் போய்ச் சொன்ன அதை வைத்து இன்ஸ்பெக்டர் அவளைக் கண்டுபிடித்து, நேற்று என்னோடு போனில் பேச வைத்தார்.

"நெசமாவே நீ சொல்லலையாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். மறுப்பதென்றால் நீங்களும் வந்து, அவள் முகத்தைப் பார்த்து மறுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா